அடைபட்டுக் கிடந்த ஒளி

மார்கழி விடியலில் நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும். எதிரே வரும் லாரியின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். லாரி மட்டும் தெரியாது. வெள்ளையாக ஒரு மங்கல், அவ்வளவுதான். பனிமூட்டத்தின் நீர்த்திவலைகள் வெளிச்சத்தை நேராக வரவிடாமல் நாலாபுறமும் திருப்பிவிடுகின்றன. பிரபஞ்சம் தன் முதல் 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளை ஏறக்குறைய இப்படித்தான் கழித்தது. ஒளிக்குப் பஞ்சமே இல்லை. அது நகரத்தான் வழியில்லை.

கதை தொடங்கியது சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன். பெருவெடிப்பு என்கிறோம். பெயர் கொஞ்சம் ஏமாற்றுகிறது. எங்கோ ஓரிடத்தில் பட்டாசு வெடித்து, சிதறல்கள் வெற்றிடத்தில் பறந்ததாக எண்ணிவிடாதீர்கள். மையம் என்று ஒன்று கிடையாது; விரிந்தது விண்வெளிதான், எல்லா இடத்திலும் ஒருசேர. விரிய விரியச் சூடு தணிந்தது. முதல் சில நிமிடங்களிலேயே ஹைட்ரஜன், ஹீலியம் அணுக்கருக்கள் உருவாகிவிட்டன. எடைக் கணக்கில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், மிகச் சொற்பமாக லித்தியம்.

ஆனால் அவை அணுக்கள் அல்ல, வெறும் கருக்கள். எலக்ட்ரான்கள் அவற்றோடு சேராமல் தனியே அலைந்தன. ஒளிக்கு வந்த வினை அதுதான். தனித்துத் திரியும் எலக்ட்ரான்மீது ஒளித்துகள் மோதினால் திசை மாறிவிடும். கொஞ்ச தூரம் போவதற்குள் அடுத்த எலக்ட்ரான், மறுபடி ஒரு மோதல். பனிமூட்டத்தில் நீர்த்திவலை செய்ததை இங்கே எலக்ட்ரான் செய்தது.

பிரபஞ்சம் குளிர்ந்து சுமார் 3000 கெல்வினுக்கு (இதற்குமேல் குளிர முடியாது என்ற எல்லையிலிருந்து எண்ணும் வெப்ப அளவு கெல்வின்) வந்தபோதுதான் எலக்ட்ரான்கள் கருக்களோடு நிலையாக ஒட்டிக்கொண்டன. இதில் ஒரு வியப்பு இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவைப் பிளக்கத் தேவையான ஆற்றலை அப்படியே வெப்பநிலையாக மாற்றிக் கணக்கிட்டால் ஒன்றரை லட்சம் கெல்வினுக்கு மேல் வரும். அப்படியானால் வெகு முன்பே அணுக்கள் உருவாகியிருக்க வேண்டாமா? உருவாகவில்லை. காரணம், ஒளித்துகள்களின் எண்ணிக்கை. ஒரு புரோட்டானுக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட ஒளித்துகள்கள் இருந்தன. சராசரித் துகளுக்கு வலு குறைந்துவிட்டாலும், அவ்வளவு பெரிய கூட்டத்தில் வலுவான சில எப்போதும் இருக்கும். அவை போதும், சேர்ந்த அணுவை உடனே பிய்த்துப்போட. எந்தச் சூட்டில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்து நிற்கும் என்பதற்கு 1920இல் சமன்பாடு தந்தவர் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா. விண்மீன்களின் நிறமாலையை, அதாவது ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறவரிசையைப் படிப்பதற்காக அவர் தந்தது, பிரபஞ்சத்தின் மூட்டம் கலைந்த காலத்தைக் கணக்கிடவும் கைகொடுக்கிறது.

மூட்டம் கலைந்ததும் ஒளி நேர்க்கோட்டில் கிளம்பியது. பழைய குண்டு பல்பின் இழையைப் போன்ற செம்மஞ்சள் ஒளி. இன்றும் பயணம் செய்துகொண்டிருக்கிறது. இதற்கிடையே வெளி சுமார் 1100 மடங்கு விரிந்துவிட்டதால் அதன் அலைநீளமும் அதே அளவு இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாகிவிட்டது. வெப்பநிலை இப்போது 2.7 கெல்வின். உங்கள் சுண்டுவிரல் நுனியளவு இடத்தில், ஒரு கன சென்டிமீட்டரில், அந்த ஆதி ஒளித்துகள்கள் ஏறத்தாழ 400 இந்தக் கணத்திலும் இருக்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இதைத் தேடவே இல்லை. 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆன்டெனாவில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவருக்கும் ஓர் இரைச்சல் கேட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே இரைச்சல். உள்ளே புறாக்கள் கூடு கட்டியிருந்தன. பிடித்து அப்புறப்படுத்தி, எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. அது அந்த ஆதி ஒளியேதான். சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு இதே கதிர்வீச்சைத் தேடக் கருவி செய்துகொண்டிருந்தது. ரால்ப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948லேயே இப்படியொன்று இருக்கும் என்று கணித்திருந்தார்கள். இதற்காக 1978இல் நோபல் பரிசு பெற்றவர்கள் புறா எச்சத்தைக் கழுவிய இருவர்தாம். கணித்தவர்களை அது எட்டவில்லை; எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஒளி விடுதலையான பின் நேர்ந்தது ஒரு வேடிக்கை: பிரபஞ்சம் இருண்டது. பழைய ஒளி அகச்சிவப்பாக மங்கிவிட்டது. புதிதாக ஒளிர எதுவும் இல்லை. ஆனால் வாயு எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. 1989இல் ஏவப்பட்ட கோப் விண்கலம் அந்த ஆதி ஒளியை அளந்தபோது லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு ஏற்றத்தாழ்வு தெரிந்தது. சற்றே அடர்ந்த இடம் அக்கம்பக்கத்து வாயுவை இழுத்தது. இழுத்ததால் இன்னும் அடர்ந்தது. 10 முதல் 20 கோடி ஆண்டுகளில் முதல் விண்மீன்கள் பற்றிக்கொண்டன. அழுத்தத்தில் நடுப்பகுதி கோடி டிகிரியைத் தாண்ட, ஹைட்ரஜன் கருக்கள் இணைந்து ஹீலியமாகின. நம் சூரியன் இன்றும் நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை இப்படி இணைக்கிறது. அதில் 40 லட்சம் டன் ஆற்றலாக மாறிவிடுகிறது.

சூரியனுக்குள் ஒளிக்கு மறுபடி பழைய கதிதான். அங்கேயும் தனித்து அலையும் எலக்ட்ரான்கள், அதே மூட்டம். நடுவில் பிறக்கும் காமாக் கதிர் என்ற மிக வலுவான ஒளி மோதி மோதி, வழியில் பல லட்சம் சிறு ஒளித்துகள்களாகச் சிதறி, மேற்பரப்புக்கு வந்து சேர பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. லட்சத்தைத் தாண்டும் என்போரும் உண்டு. அங்கிருந்து பூமிக்கு 8 நிமிடம் 20 நொடி மட்டும்.

கூடவே பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு இந்த அவதி இல்லை. எதனோடும் அநேகமாக மோதாத அது, 2 நொடிகளில் சூரியனைவிட்டு வெளியேறுகிறது. ஜப்பானில் மலைக்கு அடியில், 50 ஆயிரம் டன் நீர் நிரப்பிய சூப்பர் காமியோகாண்டே தொட்டி இவற்றைப் பிடிக்கிறது. அவற்றைக்கொண்டு சூரியனின் படம் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். இரவில் வந்தவையும் அந்தப் படத்தில் சேர்ந்திருக்கின்றன. சூரியன் பூமியின் மறுபக்கம் இருந்தபோது, அவை பூமியைத் துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து வந்தன.