மூட்டில் கால்சியம் படிந்திருந்தால் பாலை நிறுத்தணுமா?

முழங்கால் எக்ஸ்-ரே ரிப்போர்ட்டில் ‘கால்சிஃபிகேஷன்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், அன்றைக்கே வீட்டில் பால், தயிர், கேழ்வரகு எல்லாம் நின்றுவிடுகிறது. எலும்பு மெலிந்துபோயிருக்கிறது என்று எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருகிற அம்மாக்களை என் ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மூட்டில் படிவது நீங்கள் குடித்த பால் இல்லை.

உடம்பில் இருக்கிற கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்கு சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம், இதை விட்டு விலகாமல் பாராதைராய்டு சுரப்பிகள் பார்த்துக்கொள்கின்றன. சாப்பாட்டில் குறைத்தால் ரத்தத்தில் குறையாது, எலும்பிலிருந்து எடுத்து அந்த அளவைச் சரிக்கட்டிவிடும். ஆக, மூட்டில் இருக்கிற படிவு அப்படியே இருக்கும், இடுப்பு எலும்புதான் இன்னும் பலவீனமாகும்.

வயதானவர்கள் முழங்காலில் நாம் அதிகம் பார்ப்பது கால்சியம் பைரோபாஸ்பேட் படிகம். இரண்டு பாஸ்பேட்டுகள் ஒரு ஆக்ஸிஜன் வழியாகக் கோத்துக்கொண்டால் அது பைரோபாஸ்பேட், இதைக் குருத்தெலும்பின் செல்களே உற்பத்தி செய்து வெளியே விடுகின்றன. வயது ஏற ஏற, தேய்மானம் கூடக் கூட இது அதிகமாகி, அங்கேயே கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிவிடும். பல பேருக்கு வருஷக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இருக்காது. சிலருக்குத்தான் அந்தப் படிகங்கள் மூட்டு நீருக்குள் உதிர்ந்து, வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கப் போய், சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிச் சூடாகி, காலை ஊன்றவே முடியாமல் போய்விடும். 1962-ல் டேனியல் மெக்கார்ட்டி குழுவினர், கவுட் (யூரிக் ஆசிட் யூரேட் படிகமாகப் படிந்து மூட்டு வீங்கும் நோய்) மாதிரியே வீங்கிய மூட்டுகளின் நீரில் யூரேட் அல்லாத இந்தப் படிகத்தைக் கண்டறிந்து ‘சூடோகவுட்’, அதாவது போலி கவுட், என்று பெயர் வைத்தார்கள்.

குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முழங்கால் வீங்கினதும் யூரிக் ஆசிட் பார்க்கிறார்கள், 7.5 என்று கூடுதலாக வருகிறது, உடனே யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரையைத் தொடங்கி அது வருஷக்கணக்கில் ஓடுகிறது. யூரிக் ஆசிட் கூடுதலாக இருக்கிற பலருக்குக் கவுட் வருவதே இல்லை, கவுட் வீக்கத்தின் நடுவில் யூரிக் ஆசிட் நார்மலாகவும் வரலாம், அதனால் அந்த ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு கட்ட முடியாது. ஊசியால் மூட்டு நீரை எடுத்துத் துருவ ஒளி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கணும். ஊசி மாதிரி நீண்டு பளிச்சென்று தெரிந்தால் யூரேட், சாய்சதுரமாக மங்கலாகத் தெரிந்தால் பைரோபாஸ்பேட். பைரோபாஸ்பேட் என்றால் அல்லோபியூரினாலால் துளியும் பயன் இல்லை. அதே நீரைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பியே ஆகணும், ஏனென்றால் சீழ் பிடித்த மூட்டும் இதே மாதிரிதான் இருக்கும், சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கும்! இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் முடிந்த சில நாளில் தாத்தாவுக்கு முழங்கால் வீங்கினால், அது இந்தப் படிகத்தின் வேலையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, ஆனாலும் நீரை எடுத்துப் பார்க்காமல் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. எண்ணெய் போட்டு உருவிவிடுவது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுவது, இரண்டும் வேண்டாம். கிட்னி சரியில்லாத பெரியவர்களுக்கு அந்த மாத்திரைகளே ஆபத்து.

இந்தப் படிகத்தைக் கரைக்கிற மருந்து இன்றுவரை இல்லை. நீரை எடுத்தாலே வலி பாதி அடங்கும், கிருமித் தொற்று இல்லை என்றால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம், வீக்கத்தை அடக்கும் கோல்சிசின் மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுக்கலாம், அதையும் கிட்னியைப் பார்த்துத்தான்.

தோளில் படிவது பெரும்பாலும் வேறொன்று, ஹைட்ராக்சிஅபடைட் வகை. நம் எலும்பின் கனிமமும் கிட்டத்தட்ட இதுதான். நடுத்தர வயதுக்காரர்களின் தோள் தசைநாணில் பற்பசை மாதிரி சேர்ந்திருக்கும், உடம்பு அதைக் கரைக்கத் தொடங்கும்போதுதான் ராத்திரி தூங்கவே முடியாத வலி வரும். பலருக்கு அது தானாகவே கரைந்துபோகும், அடங்காதவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியால் கழுவி எடுக்கலாம்.

இதே ஹைட்ராக்சிஅபடைட்டைத்தான் சில செயற்கை இடுப்பு மூட்டுகளின் தண்டின் மேல் பூசுகிறார்கள், எலும்பு அதன் மேல் வளர்ந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று. எலும்பில் கட்டியைச் சுரண்டிய பள்ளத்தில் நிரப்பும் டிரைகால்சியம் பாஸ்பேட் துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த இடத்தில் சொந்த எலும்பு வந்துவிடும். ‘இதுவும் மூட்டில் போய்ப் படியுமா டாக்டர்?’ என்று கேட்கிறார்கள். படியாது. பைரோபாஸ்பேட் படிகம் குருத்தெலும்பு தானே உண்டாக்குவது, எலும்புக்குள் வைத்த துகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் ஒரு விஷயம். 60 வயதுக்கு முன்பே பைரோபாஸ்பேட் படிவு தெரிந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், மக்னீசியம், இரும்பு அளவு, அல்கலைன் பாஸ்படேஸ் எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீர் மாத்திரையும் அசிடிட்டி மாத்திரையும் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு மக்னீசியம் குறையும். ரத்தத்தில் கால்சியம் உண்மையிலேயே கூடுதலாக இருந்தால் மட்டும், எதனால் கூடுகிறது என்று தெரியும்வரை கால்சியம் மாத்திரையை நிறுத்தச் சொல்வோம்.