ஊக்கு போகக் கூடாத இடத்துக்குக் குமிழி போகும்

"அப்பாவின் பழைய டிவிஎஸ் 50 ஆறு வருடமாக மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, ஒரு சின்ன ஸ்டீல் தொட்டியில் சோப்புத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டார். கடுகு தாளிப்பது போல ஒரு சத்தம். யாரும் தேய்க்கவில்லை. கால் மணி நேரத்தில் பித்தளை பளபளவென்று வந்துவிட்டது. வெறும் தண்ணீர் எப்படி அழுக்கை எடுத்தது? அந்தச் சத்தம் என்ன?" என்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் ஒன்று இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

டிவிஎஸ் 50 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த வண்டி. பால் கேனும் பூக்கூடையும் வாழைத்தாரும் சுமந்து நம் ஊர்களில் உழைத்தது. அதன் கார்புரேட்டரும் பள்ளியில் படித்த பெர்னூலி தத்துவத்தில்தான் ஓடுகிறது. பிஸ்டன் காற்றை இழுக்கும். குறுகிய தொண்டையில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஒரு பித்தளைத் துளை வழியே மேலேறித் தூவலாகக் கலக்கும். அந்தத் துளைக்குப் பெயர்தான் ஜெட். ஒரு கிராம் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட 15 கிராம் காற்று என்ற கணக்கைக் காப்பது இந்தத் துளையின் அளவு.

வண்டியை நிறுத்திப் போட்டால் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மெல்ல ஆவியாகிவிடும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்திருப்பதால் ஆயில் மட்டும் கீழே தங்கிவிடும். பெட்ரோலில் உள்ள சில ஹைட்ரோகார்பன்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வேப்பம் பிசின் போன்ற பழுப்புக் கோந்தாக மாறும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் பட்டால் துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டர் உடல் வெள்ளையாகப் பூத்துவிடும். பித்தளையில் களிம்பு ஏறும். இவை எல்லாம் சேர்ந்து துளையை அடைத்த பிறகு கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் வண்டி எழுந்திருக்காது.

அடைப்பு என்றதும் கைக்கு முதலில் வருவது ஊக்கு. கல்லூரி நாட்களில் நானும் மாமாவின் வண்டி ஜெட்டை ஊக்கால் குத்தியிருக்கிறேன். வண்டி கிளம்பியது, ஆனால் அன்றிலிருந்து பெட்ரோலைக் குடித்தது. பித்தளை மெத்தென்றது, ஊக்கு எஃகு. 0.50 மில்லிமீட்டர் துளை 0.55 ஆனால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பரப்பளவு ஆரத்தின் இருமடியில் ஏறுவதால் பெட்ரோல் போகும் வழி மட்டும் 21 சதவீதம் பெரிதாகிவிடும். தயவுசெய்து ஜெட்டில் எதையும் குத்தாதீர்கள்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதையும் அமிலத்தில் ஊறப்போட்டால் என்ன? புளியின் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் களிம்பைக் கரைக்கும், உண்மைதான். கோந்தை அவை கரைக்காது. கூடுதல் நேரம் கிடந்தால் துத்தநாக உடலையே அரிக்கும்.

இனி அந்தத் தொட்டி. அடிப்பக்கத்தில் வெளியிலிருந்து பீங்கான் வில்லைகளை ஒட்டியிருப்பார்கள். மின்சாரம் பட்டால் சுருங்கி விரியும் பொருள் அது. விநாடிக்கு 40,000 முறை சுருங்கி விரிந்து தொட்டியின் தரையை அதிரவைக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையிலும் நகைக்கடையிலும் இருப்பது இதே அல்ட்ராசோனிக் (மீயொலி) கருவிதான்.

தரை மேலே வரும்போது தண்ணீர் அழுந்தும். கீழே போகும்போது இழுபடும். இந்த இழுபடுதலில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேகத் தாமதமாகும் என்று தெரியும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். தொட்டித் தண்ணீரில் அழுத்தம் ஒரு கணம் எவ்வளவோ கீழே போகிறது. அந்தக் கணத்தில் தண்ணீர், சூடே இல்லாமல், அங்கங்கே கொதித்துப் பிளக்கிறது. ஆயிரமாயிரம் குமிழிகள் பிறக்கின்றன.

அவை பெரும்பாலும் தொட்டியின் நடுவில் பிறப்பதில்லை. சுத்தமான தண்ணீரைப் பிளப்பது மிகக் கடினம். ஏற்கெனவே கொஞ்சம் காற்று ஒளிந்திருக்கும் இடம் வேண்டும். சொரசொரப்பான பரப்பின் நுண்பிளவுகளில் அப்படிக் காற்று தங்கும். கார்புரேட்டரில் சொரசொரப்பான இடம் எது? அழுக்குப் படிந்த இடம். குமிழி முதலில் முளைப்பது அங்கேதான். தன்னைப் பெயர்க்கப் போகிறதை அழுக்கே மடியில் வைத்திருக்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

விநாடிக்கு 40,000 அதிர்வோடு ஒத்திசையும், அதாவது அதே தாளத்தில் துடிக்கும், குமிழியின் ஆரம் சுமார் 0.08 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் ஜெட்டுக்குள் தாராளமாக நுழையும். அடுத்த அரைச் சுற்றில் அழுத்தம் திரும்பியதும் குமிழி நசுங்கத் தொடங்குகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் நீராவி. அது திரும்பத் தண்ணீராகிவிடும், எதிர்த்து நிற்க உள்ளே யாரும் இல்லை. சுற்றியுள்ள தண்ணீர் நாலாபுறமும் நடுவை நோக்கி ஓடிவரும். வளிமண்டல அழுத்தம் மட்டும் தள்ளினாலே இந்த அளவுக் குமிழி முழுதாக மூட ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஏழு பங்குதான் ஆகும். இடம் குறையக் குறைய வேகம் கூடும். கடைசிக் கணத்தில், மிஞ்சிய துளி வாயு நசுங்கி ஆயிரக்கணக்கான டிகிரி சூடேறும். 1934-இல் ஜெர்மனியின் கொலோனில் ஃப்ரென்செல், ஷுல்ட்டஸ் என்ற இருவர் இப்படி அதிரும் தண்ணீரில் ஒளிப்படத் தகட்டை வைத்தபோது, தண்ணீரே வெளிச்சம் விட்டது தகட்டில் பதிந்தது. தண்ணீர் மொத்தமும் கொதிக்காததற்குக் காரணம், அந்தச் சூடு அவ்வளவு சின்ன இடத்தில், அவ்வளவு குறைந்த நேரம் மட்டும் இருப்பதுதான்.

அழுக்கைப் பெயர்ப்பதில் இந்தச் சூட்டைவிட இன்னொன்றுக்குப் பங்கு அதிகம். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்று, விசில் ஊதியதும் நடுவை நோக்கி ஓடிவருகிறார்கள் என்று வையுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நடுவில் சேர்வார்கள். இப்போது வட்டத்தின் ஒரு பக்கம் சுவரை ஒட்டியிருக்கட்டும். அந்தப் பக்கம் பின்னாலிருந்து தள்ள ஆளில்லை. எதிர்ப்பக்கத்துக் கூட்டம் தடையின்றிப் பாய்ந்து, நடுவைத் தாண்டி, நேராகச் சுவரில் போய் மோதும். உலோகத்துக்கு அருகில் நசுங்கும் குமிழிக்கும் இதுவே நடக்கிறது. சுவர்ப் பக்கத்துத் தண்ணீர் மெதுவாக வர, எதிர்ப்பக்கத்துத் தண்ணீர் குமிழியை நடுவில் குத்திக் கிழித்துக்கொண்டு முடியிழை போன்ற நீர்த்தாரையாக விநாடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகத்தில் சுவரைத் தாக்கும். குமிழி எந்தத் திசையில் பிறந்தாலும் தாரை சுவரை நோக்கியே பாயும். யாரும் குறிபார்க்க வேண்டாம். ஜெட்டின் உள்சுவர், வளைந்த காற்றுப் பாதை, பிரஷ் எட்டாத மூலை எதுவானாலும் அடி நேராக அழுக்கில் விழுகிறது. இப்படி விநாடிக்கு ஆயிரக்கணக்கில் நடக்கும்போது கோந்து துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து தண்ணீரில் புகைபோலக் கிளம்பும். சோப்பு அதைத் திரும்ப ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் குமிழியை ஆராய்ந்தவர்கள் யாரும் மொபெட்டை நினைக்கவில்லை. 1890-களில் இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் நீராவிச் சுழலியால் ஓடும் டர்பீனியா என்ற கப்பலைக் கட்டினார். எஞ்சின் வேகமாகச் சுற்றியது, கப்பல் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. சுழல்விசிறியின் பின்னால் தண்ணீர் பிளந்து குமிழியாகிறது என்று அவர் கண்டார். 1895-இல் ஒரு சின்னத் தொட்டி செய்து அதை நேரில் பார்த்தார். ஒரு விசிறிக்குப் பதில் மூன்று தண்டுகளில் ஒன்பது விசிறிகள் வைத்த பிறகு, 1897-இல் விக்டோரியா அரசியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் அந்தக் கப்பல் எல்லாரையும் முந்தி ஓடியது. ஆனால் அதே குமிழிகள் பெரிய கப்பல்களின் வெண்கல விசிறிகளைப் புழு அரித்தது போலத் தின்றுகொண்டிருந்தன. ஏன் என்று 1917-இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு. மேலே நான் சொன்ன ஏழு பங்கு அவருடைய சூத்திரத்தில் போட்டுப் பார்த்த விடைதான். சுவர் பக்கம் பாயும் தாரையை பெஞ்சமின், எல்லிஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1966-இல் படமெடுத்தே காட்டினார்கள்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென் கொரியாவில் அது 4 சதவீதத்துக்கும் மேல். "குமிழியை ஆராய்ந்து என்ன சார் பயன்?" என்று நிதி கேட்டு வரும் இளைஞரிடம் கேட்கிறார்கள். ராலேயிடம் அப்படிக் கேட்டிருந்தால் அவரால் கப்பல் விசிறியைத்தான் சொல்லியிருக்க முடியும். பல்லில் படிந்த காறையை எடுக்கும் கருவி அவருக்குத் தெரிந்திருக்காது. பயனை முன்கூட்டியே எழுதித்தரச் சொல்வது ஆராய்ச்சியின் கழுத்தை நெரிப்பது என்றே நான் நினைக்கிறேன்.

இதே குமிழி நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பாட்டி என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார். "எவ்வளவு திருஷ்டி பாரு, எல்லா விரலும் படபடன்னு முறியுது" என்பார். விரல் மூட்டுக்குள் இருக்கும் திரவம் சட்டென்று இழுபடும்போது அதில் கரைந்த வாயு குமிழியாகிறது. அந்த நேரத்தில்தான் நெட்டி. மறுபடி முறிய சுமார் 20 நிமிடம் ஆகும், திருஷ்டி கழிந்துவிட்டதால் அல்ல, வாயு திரும்பக் கரைய வேண்டும் என்பதால். பாட்டியின் கையில் இருந்த பாசத்தை நான் இன்றும் தேடுகிறேன். கிளம்பாத வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, அடைத்த ஜெட்டைப் பார்க்காமல் விடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தொட்டியில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும். தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். காரம் மிகுந்த சோப்பு துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் தின்னும். மிதவை, ரப்பர் வளையம், ரப்பர் முனையுள்ள ஊசி எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள். தண்ணீர் 50-60 டிகிரி சூட்டில் இருப்பது நல்லது. இன்னும் சூடானால் குமிழிக்குள் நீராவி நிறைந்து மெத்தைபோல ஆகி, அடியின் வேகம் போய்விடும். பாகங்களைப் போடுமுன் ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டால் தண்ணீரில் கரைந்த காற்று வெளியேறும். ஜெட்டைச் சாய்த்துப் போட்டு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் குமிழி பிறக்காது. தண்ணீரில் இந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.7 சென்டிமீட்டர் என்பதால் தொட்டிக்குள் அடி பலமாக விழும் இடமும் விழாத இடமும் மாறிமாறி வரும், பாகங்கள் இருக்கும் கூடையை அவ்வப்போது அசைத்துக்கொடுங்கள். சமையலறை அலுமினியத் தாளை ஒரு நிமிடம் தொங்கவிட்டால் எங்கெல்லாம் பலமாக விழுகிறது என்பதை அதில் விழும் ஓட்டைகளே காட்டும்.

கடைசியாக அந்தத் தாளிப்புச் சத்தம். மனிதக் காது 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. 40,000 அதிர்வு பூனைக்குக் கேட்கும், நமக்குக் கேட்காது. ஆகவே நீங்கள் கேட்டது கருவியின் சத்தம் அல்ல. எண்ணற்ற குமிழிகள் ஆளுக்கொரு நேரத்தில் நசுங்கும்போது எழும் சின்னச் சின்ன அதிர்ச்சிகளில் நம் காதுக்கு எட்டும் பங்குதான் அந்த 'உஸ்ஸ்'. அனுபவமுள்ள மெக்கானிக் தொட்டிப் பக்கம் காதைச் சாய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சத்தம் மங்கினால், தண்ணீரை மாற்றிவிடுவார்.