கிரேனியோசினொஸ்டோசிஸ்னா என்னா?

எங்க தோட்டம் இலங்கையில ஹட்டன் பக்கம். போன மாசம் அடுத்த லயத்து அக்கா கைப்புள்ளயோட கிளினிக் போயிட்டு வந்து கொப்பிய என் கையில குடுத்தாங்க, டொக்டர் சிங்களத்துல சொன்னாராம், பாதி வெளங்கலயாம். கொப்பியில இங்கிலீஸ்ல ஒரே ஒரு நீட்டுச் சொல்லு.

உடைச்சுப் பாத்தா எல்லாம் கிரேக்கம். கிரேனியோன்னா மண்டையோடு, 'சின்'னா சேர்ந்து, ஒஸ்டியோன்னா எலும்பு, கடைசி ஓசிஸ் நோய்ப்பேருக்கு ஒட்டுற வாலு.

பச்சப்புள்ளைக்கு மண்டையோடு தேங்காச் சிரட்ட மாதிரி ஒரே துண்டு இல்ல, பல துண்டு, நடுவுல பொருத்து. டொக்டர்மார் அத சூச்சர்ங்கறாங்க, லத்தீன்ல அதுக்குத் தையல்னுதான் அர்த்தம். மூள வளர வளர ஓடு விரியிறது அந்தப் பொருத்துலதான், ஒன்னு முந்தியே ஒட்டிட்டா அதுக்குக் குறுக்கால வளர்ச்சி நின்னு மத்தப் பக்கமா இழுத்துக்கும், இத 1851லயே விர்ச்சோங்கற ஜெர்மன் டொக்டர் எழுதி வச்சிட்டாரு. உச்சி நடுப்பொருத்து ஒட்டினா தல அகலம் வராம முன்னயும் பின்னயும் தோணி மாதிரி நீளும். அக்கா புள்ளைக்கும் அதான், விரல் வச்சா வரப்பு மாதிரி தட்டுப்பட்டுச்சு. சுமாரா 2000, 2500 பிறப்புக்கு ஒன்னு இப்படி வரும். குரூசோன், ஏபர்ட்னு மரபணு கோளாறுல வந்தா முகமும் சேந்து மாறும், ஏபர்ட்ல விரலுகூட ஒட்டியிருக்கும்.

தமிழ்ல 'மண்டையோட்டுப் பொருத்து இணைவு'னா போதாதாங்கலாம். போதாது. வயசானா எல்லாருக்கும் பொருத்து ஒட்டத்தான் செய்யும், கோளாறு முந்தி ஒட்டுறதுலதான் இருக்கு, கிரேக்கப் பேருல அந்த 'முந்தி'யே இல்ல. 'முன்னொட்டு'ன்னு வச்சா இலக்கணப் பாடம் ஆயிரும், அதனால என் ஓட்டு 'மண்டைப் பொருத்து முன்னிணைவு'க்கு.

இதச் சரிபண்ற ஒபரேசனுக்கு நம்ம நாட்டுல சத்திரசிகிச்சைனுதான் எழுதுவோம், இந்தியாவுல அறுவைங்கறாங்க. தங்குற சத்திரம் இல்ல இது, ஆயுதம்ங்கற வடசொல்லு. பெரும்பாலும் புள்ளைக்கு ஒரு வயசுக்குள்ள செய்வாங்க. மண்டையயும் முகத்தயும் சேத்துத் திருத்துற வேலைய தனித் துறையாக்குனது பிரான்ஸ் டொக்டர் போல் டெசியே, 1967ல ரோம் மாநாட்டுல காட்டுனாரு.

அக்காகிட்ட இவ்வளவும் சொல்லல, ஓடு முந்தி ஒட்டிருச்சுக்கா, கருவுலயே தொடங்குறதுனு மட்டும் சொன்னேன்.

"அப்ப நான் எண்ண தேச்சு தலய உருட்டாததால இல்லியா?"

"இல்லக்கா."

மாமியா காதுல விழுற மாதிரி இன்னொரு தரம் கேட்டாங்க.