புகைபோக்கிக்கு நேரே பூஜ்யம் போடாதீர்கள்

இந்த மாதம் என் கைக்கு வந்த மூன்றாவது நிறுவன அறிக்கை இது. நிலக்கரி பாய்லரை எடுத்துவிட்டு மரப் பெல்லட் (மரத்தை அரைத்து அழுத்திய சிறு உருளைகள்) எரிக்கும் பாய்லர் வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆண்டறிக்கையின் எரிபொருள் அட்டவணையில் மரம் என்ற வரிக்கு நேரே கார்பன் டை ஆக்சைடு 0 என்று போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "விதியே அப்படித்தானே" என்று பதில் வருகிறது. எரிபொருளாகப் போகும் மரம் எங்கிருந்து வருகிறது என்று சரிபார்ப்பதுதான் எனக்குப் பல வருடமாக வேலை. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன்.

விதி அப்படிச் சொல்லவில்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நாடுகள் தங்கள் கணக்கை எப்படி எழுத வேண்டும் என்று சொல்கிறது. மரம் வெட்டப்பட்டதும், காட்டில் இருந்த கார்பன் இவ்வளவு குறைந்தது என்று நிலக் கணக்கில் ஒரு முறை பதிவாகிவிடுகிறது. அதே கார்பனை பாய்லர் வாசலில் இன்னொரு முறை எழுதினால் ஒன்று இரண்டாகிவிடும். அதனால்தான் எரிசக்திக் கணக்கின் கூட்டுத்தொகையில் சேர்க்காமல், கீழே குறிப்பாக மட்டும் காட்டச் சொன்னார்கள். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு நோட்டில் செலவு எழுதுகிறார்கள் என்று வையுங்கள். வாடகையை அண்ணன் நோட்டில் எழுதியாயிற்று. தம்பி நோட்டை மட்டும் புரட்டிப் பார்த்து இந்த வீட்டுக்கு வாடகையே இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? உங்கள் அறிக்கை செய்வது அதைத்தான்.

அண்ணன், அதாவது மரம் வெட்டிய நாடு, ஒழுங்காக எழுதினாலாவது பரவாயில்லை. நாடுகளின் உமிழ்வுக்கு வரம்பு வைத்த 1997 கியோட்டோ ஒப்பந்தத்தை அமெரிக்கா கடைசிவரை உறுதிப்படுத்தவில்லை. கனடா 2011-இல் விலகுவதாக அறிவித்தது. ஐரோப்பா கடல் கடந்து வாங்கிய பெல்லட்டில் கணிசமான பங்கு இந்த இரண்டு நாடுகளிலிருந்துதான் போனது. வாங்கியவர் கணக்கில் பூஜ்யம். விற்றவர் நாட்டிலோ அந்த இழப்புக்கு கியோட்டோ வரம்பு எதுவும் இல்லை. இந்த ஓட்டையை டிமோத்தி சர்ச்சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2009-இலேயே சயன்ஸ் இதழில் எடுத்துக்காட்டிவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் அறிக்கைகளில் அதே பூஜ்யம்.

சரி, கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஈரம் துளியும் இல்லாத ஒரு டன் மரத்தில் ஏறக்குறைய பாதி கார்பன், அதாவது 500 கிலோ. அது முழுதாக எரிந்தால் வெளியேறுவது சுமார் 1.83 டன் கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வரும் என்று ஐபிசிசி தரும் பொது மதிப்பு மரத்துக்கு 112 கிலோ, பிட்டுமினஸ் நிலக்கரிக்கு 94.6, இயற்கை எரிவாயுவுக்கு 56.1. புகைபோக்கி முனையில் மட்டும் அளந்தால் மரம் நிலக்கரியையே மிஞ்சுகிறது.

"மரம் திரும்ப வளருமே?" வளரும். எத்தனை வருடத்தில் என்று கேளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெல்லட் ஆலையைப் பார்க்கப் போயிருந்தேன். காகிதத்தில் மூலப்பொருள் 'அறுவை மில் கழிவு'. யார்டின் முன்பக்கத்தில் மரத்தூளும் பட்டையும் அழகாகக் குவித்திருந்தார்கள். பின்பக்கம் நடந்தேன். அங்கே வரிசையாக அடிமரங்கள். என் தொடையைவிடப் பருமன், ஸ்கேல் வைத்ததுபோல் நேர். வெட்டுமுகத்தில் பிசின் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. ஒன்றின்முன் குந்தி உட்கார்ந்து நகத்தை வைத்து வளையங்களை எண்ணினேன். 57. "மில் வேண்டாம்னு ஒதுக்கினது, அதனால கழிவுதான்" என்றார் யார்டு பொறுப்பாளர். உள்ளே அழுகியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். நடுத்தண்டு கெட்டியாக இருந்தது. அந்த மரத்தைப் பெல்லட்டாக்கினால் எரிந்து தீர எத்தனை நிமிடம் ஆகும்? அதே அளவு கார்பனை இன்னொரு மரம் சேர்க்க 57 வருடம். மரத்தூளின் கதை வேறு. வெளியே கிடந்தால் சில வருடங்களில் மக்கி அந்தக் கார்பன் எப்படியும் காற்றுக்குத்தான் போகும். அதனால் அதை எரிப்பதில் ஏறும் கார்பன் கடன் சீக்கிரம் அடைந்துவிடும். இரண்டையும் ஒரே சொல்லில் 'பயோமாஸ்' என்று அழைப்பதுதான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம்.

காடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டுவதைவிட வளர்வது அதிகம் என்றும் வாதம் வரும். உங்கள் பாய்லர் இல்லாவிட்டாலும் அந்தக் காடு வளர்ந்திருக்கும். அந்த வளர்ச்சியை உங்கள் வரவில் எப்படிச் சேர்ப்பது?

காட்டை ஒழுங்காகப் பராமரிப்பதற்கான சான்றிதழ் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று. வளர்கிற அளவுக்குள் வெட்டு என்ற எண்ணம் பழையது. ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகத்தில் இருந்த கார்லோவிட்ஸ், உலைகளுக்கு விறகு தட்டுப்பட்டபோது 1713-இல் அதை எழுதிவைத்தார். அவர் கவலை விறகு தீர்ந்துவிடக் கூடாது என்பது. 1993-இல் வந்த எஃப்.எஸ்.சி.யும் 1999-இல் வந்த பி.இ.எஃப்.சி.யும், இரண்டும் வனச் சான்றிதழ் அமைப்புகள், அந்த வழியில்தான் வருகின்றன. காட்டுயிர், தொழிலாளர் நலன் என்று நிறையச் சேர்த்திருக்கிறார்கள், அவை தேவையானவை, நான் மதிக்கிறேன். ஆனால் வனம் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறது என்பது ஒரு சான்று. எரித்த கார்பன் எப்போது மரத்துக்குத் திரும்பும் என்பது வேறு கேள்வி. முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் கடந்துபோகாதீர்கள்.

அரசுகள் மெதுவாகவேனும் இந்தப் பக்கம் திரும்புகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் திருத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி விதிகளின்படி, அறுவைக்கும் வெனீருக்கும் ஆகும் மரம், தொழில்துறைத் தரமுள்ள உருளை மரம், அடிக்கட்டை, வேர் ஆகியவற்றை எரிப்பதற்கு நேரடி நிதியுதவி கொடுக்கக் கூடாது. மரம் முதலில் உத்தரமாகட்டும், பலகையாகட்டும், கடைசியில் எரியட்டும் என்ற வரிசையும் அதில் இருக்கிறது. 2027-க்குப் பின், மரம் எரிக்கும் டிராக்ஸ் மின்நிலையத்துக்கு அரசு உதவி தொடர, எரிக்கும் மரம் முழுவதும் நிலைத்தன்மை விதிகளுக்கு உட்பட்ட மூலத்திலிருந்து வர வேண்டும் என்று பிரிட்டன் 2025-இல் அறிவித்தது. அதுவரை 70 சதவீதம் போதும் என்றிருந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மரத்தின் கார்பன் டை ஆக்சைடைத் தனி வரியில், முழு எண்ணாக எழுதுங்கள். நிறுவனங்கள் உமிழ்வுக் கணக்கு எழுதப் பின்பற்றும் ஜி.எச்.ஜி. புரோட்டோகால் கேட்பதும் அதுதான். மரம் எரியும்போது வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் உங்கள் நேரடி உமிழ்வில் சேர வேண்டும், அதையும் விட்டுவிடுகிறீர்கள். பச்சை மரத்தை எடை போட்டு வாங்காதீர்கள், அதில் பாதி தண்ணீர்; ஈரப்பதம் அளந்து வாங்குங்கள். 'கழிவு' என்று எழுதியிருந்தால் எந்த வெட்டுப் பகுதி, என்ன பருமன் என்று எழுத்தில் கேளுங்கள். யார்டுக்குப் போனால் தயவுசெய்து பின்பக்கமும் நடந்து பாருங்கள்.

அப்புறம், இது கணக்கு விஷயம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: மூடிக் கிடந்த பெல்லட் கிடங்குக்குள் காற்றோட்டம் விடாமல், வாயு அளக்காமல் யாரையும் இறக்காதீர்கள். பெல்லட் சும்மா கிடந்தாலே கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாசனை கிடையாது. ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

மூன்று அறிக்கைகளையும் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஒன்று நேற்று வந்தது. வருடத்துக்கு 10,000 டன் பெல்லட் எரிக்கும் ஆலை அது. பத்து சதவீத ஈரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 0 இருந்த இடத்தில் இப்போது சுமார் 16,500 டன் என்று தனி வரி இருக்கிறது. மற்ற இருவருக்காகக் காத்திருக்கிறேன்.