தண்டுவடக் காயமும் மக்களைத் தேடி மருத்துவமும்: எதைக் காட்டுவது, எதற்குக் காத்திருக்கக் கூடாது

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும், வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. தண்டுவடம் அடிபட்டு வீடு திரும்பியவருக்கு வேண்டியவை அவைதான். டிஸ்சார்ஜ் சீட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது.

திட்டத்தின் குழு வீட்டுக்குத் தினமும் வராது. வரும் நாளில் முதலில் முதுகுப்பக்கத்தைக் காட்டுங்கள்: வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வீட்டார் வேலை. நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம் வேண்டாம், சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது நெரிக்கும்.

விட்டுவிட்டு ட்யூப் போட்டுச் சிறுநீர் எடுப்பவர்கள் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். குளிர் காய்ச்சலோடு கால் இழுப்பும் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்றைச் சந்தேகியுங்கள்.

தன்னார்வலர் பிபி பார்க்கும்போது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். மார்பு 6ஆம் முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு மேல் பிபி (இரண்டு எண்ணில் பெரியது) வழக்கமாகவே 90, 100 என்று இருக்கலாம். அவருக்கு 130 என்பது ‘நார்மல்’ அல்ல. கூடவே மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை என்றால் ஆபத்து. படுக்க வைக்காதீர்கள், பிபி இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, உடையைத் தளர்த்துங்கள். சிறுநீர் ட்யூப் மடங்கியிருக்கிறதா, அது வடியும் பை நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் சிறுநீர்ப்பைதான் காரணம், அடுத்தது மலக்கட்டு. குறையாவிட்டால் 108. விட்டால் பக்கவாதம் வரை போகும்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடானால் ரத்தக்கட்டாக இருக்கலாம். தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள். குழுவை எதிர்பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்; இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

மாத உதவித்தொகை 2,000 ரூபாய் இந்தத் திட்டத்தில் சேராது, அது தனி. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியதும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தண்டுவடப் பாதிப்பு என்று குறிப்பிட்டே விண்ணப்பியுங்கள்.