வால் நறுக்கிய கார்கள்

"பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பேக்களின் (இரு கதவுக் கார்களின்) கூரை வழுக்குப்பாறைபோல் இறங்கி வந்து, பின்னால் அரிவாளால் வெட்டியதுபோல் முடிந்துவிடுகிறதே, அது அழகுக்கா, வேகத்துக்கா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

விற்றவர்களைப் பொறுத்தவரை அழகுக்குத்தான். 1964 ஏப்ரலில் வந்த ஃபோர்டு மஸ்டாங், ஃபால்கன் என்ற சாதுவான குடும்பக் காரின் பாகங்கள் மேல் நீண்ட பானெட்டும் குட்டை வாலும் பொருத்திய வண்டி. 2,368 டாலர் விலையில் தொடங்கி, முதல் ஆண்டிலேயே 4 லட்சத்துக்கு மேல் விற்றது. கமாரோ, காப்ரி, செலிகா எல்லாம் அந்தப் பாதையில் வந்தவைதான். வாங்கியவர்களில் எத்தனை பேர் காற்றைப் பற்றி யோசித்திருப்பார்கள்?

ஆனால் காற்றுக்கு அந்த வாலைப் பற்றித் தனிக் கருத்து உண்டு.

கூரையின் உச்சியில் காற்று வேகமாக ஓடும், அழுத்தம் குறையும். இது பள்ளியில் படித்த பெர்னூலி. கூரை பின்னால் இறங்கும்போது காற்றின் வேகம் தணிந்து அழுத்தம் திரும்ப ஏறுகிறது. அதாவது கூரை இறங்குகிறது, காற்றோ மேடு ஏறுகிறது! உயரத்தில் ஓடும் காற்றிடம் வேகம் மிச்சம் இருப்பதால் ஏறிவிடும். தகட்டை உரசிக்கொண்டே வந்த மெல்லிய அடுக்கு ஏற்கெனவே களைத்துப்போனது. அது பாதி மேட்டில் நின்று, பின்னோக்கி உருளத் தொடங்கும். அந்த இடத்தில் ஓட்டம் தகட்டைவிட்டுப் பிரிகிறது. பின்னால் உண்டாகும் குறைந்த அழுத்தச் சுழல் காரைப் பிடித்து இழுக்கிறது.

மேடு செங்குத்தாக இல்லாமல் இருக்க, வால் மெதுவாகக் குறுக வேண்டும். அப்படியே கூர்முனைவரை கொண்டுபோனால் கார் முதலையைப்போல் நீளும். 1930களில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வூனிபால்ட் காம் என்ற பொறியாளரும் அவருடைய ஆய்வுக்கூடத்தினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: மெதுவாகக் குறுக்கிக்கொண்டே வந்து, குறுக்குவெட்டு ஏறத்தாழ பாதியானதும் வெட்டிவிடலாம். அதற்குள் அழுத்தத்தின் பெரும்பகுதி மீண்டிருக்கும். வெட்டிய முகம் சிறியதாகிவிட்டதால் இழுக்கும் சுழலும் சிறியது.

கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, பீட்டர் பிராக் வரைந்த ஷெல்பி டேடோனா கூப்பே இதே வாலுடன் பிரான்ஸின் 1964 லெ மான் கார் பந்தயத்தில் தன் பிரிவை வென்றது. செய்யப்பட்டவை ஆறே கார்கள். 'இந்த ஆராய்ச்சியால் உடனே என்ன பயன்?' என்று கேட்டுவிட்டு நிதியை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வால்தான் நினைவுக்கு வரும்.

வெட்டாமல் சாய்த்துக்கொண்டே போனால்? 1984இல் அகமதும் சக ஆய்வாளர்களும் காரை எளிமையாக்கிய ஒரு பெட்டியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பின்பக்கச் சாய்வை மாற்றிமாற்றி அளந்தார்கள். 12 டிகிரிவரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல், சாய்வின் இரு பக்க விளிம்புகளிலும் காற்று கயிறு திரிப்பதுபோல் முறுக்கிக்கொண்டு இழுவையை ஏற்றுகிறது. 30 டிகிரியை ஒட்டி உச்சம். இன்னும் சற்றுச் சாய்த்தால் அந்த முறுக்கு உடைந்து, இழுவை சட்டென்று விழுந்துவிடுகிறது! எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரும். அழகுக்காகக் கோடு போடுகிறவர் கைக்கு ஒரு டிகிரிகூடப் பெரிய விஷயம் இல்லை. காற்றுக்கு அது வேறு கார்.

அதே சாய்வு பின்சக்கரங்களின் மேலிருக்கும் பாரத்தையும் தூக்கிவிடும். 1972இல் வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் இதற்காகத்தான் இன்ஜின் மூடியில் வாத்துவால் ஒன்றை ஒட்டிக்கொண்டது. அந்தச் சிறு நிமிர்வில் மோதிக் காற்று தணிய, அதன் முன்னால் அழுத்தம் கூடி மூடியைக் கீழே அமுக்குகிறது. பந்தய விதிக்காக 500 கார்கள் விற்றால் போதும் என்றிருந்தார்கள், 1,580 விற்றது.

வாசகரே, காற்றுச் சுரங்கம் வேண்டாம். நெடும்பயணம் முடித்து நிற்கும் கார்களின் பின்கண்ணாடியைப் பாருங்கள். செங்குத்தாக முடியும் ஹேட்ச்பேக்கில், பிரிந்த காற்று சக்கரம் கிளப்பிய தூசியைச் சுழற்றிக் கொண்டுவந்து அப்பியிருக்கும். பின்பக்க வைப்பர் அங்கே இருப்பது அதனால்தான். நன்றாக வரைந்த பழைய கூப்பேயில் கண்ணாடி பெரும்பாலும் தெளிவாக இருக்கும்; தூசியெல்லாம் வெட்டிய முகத்தில், நம்பர் பிளேட்டின்மேல்.