எட்ஜ் உடைந்தால் பேப்பர் மேல் பழி போடாதீர்கள்

போன வாரமும் ஒரு ஜிப்சம் போர்டு ஆலையிலிருந்து போன். "சார், போர்டு எட்ஜ் உடையுது. பேப்பர் ஜிஎஸ்எம் ஏத்திப் பார்த்துட்டோம், அப்பவும் உடையுது." (ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை.) எந்தப் பக்கம், இடதா வலதா என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும்தான் இருக்கும் சார்." இருக்குமா, இருக்கிறதா? போர்டைக் காயவைக்கும் ட்ரையருக்கு முன்னாலா, பின்னாலா? அதையும் இனிமேல்தான் பார்க்க வேண்டுமாம். பார்ப்பதற்கு முன்பே தடித்த பேப்பர் லாரியில் வந்து இறங்கிவிட்டது. இந்த வருஷம் இது எத்தனையாவது போன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

சரி, இந்தப் பேப்பர் நம்பிக்கையை முதலில் முடித்துவிடுவோம். ஜிப்சம் போர்டு என்பது இரண்டு பேப்பருக்கு நடுவே ஜிப்சம். அதை வளைத்தால் தாங்குவது பேப்பர்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஜிப்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் அது தாங்கும். லைனில் முகப்புப் பேப்பர் கீழே ஓடி வருகிறது. அதன் இரண்டு ஓரத்திலும் சக்கரங்கள் கோடு அழுத்துகின்றன. அந்தக் கோட்டில் பேப்பர் மேலே மடிந்து, உள்பக்கம் திரும்பி, பின்பக்கப் பேப்பரோடு ஒட்டுகிறது. நோட்டுத் தாளை மடித்தால் படிந்து கிடக்கும். கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்தால் முறைத்துக்கொண்டு எழும். தடித்த பேப்பரும் அப்படித்தான். மடிப்பு விரிந்துகொடுக்கும், மூலைக்குள் ஸ்லரி, அதாவது ஜிப்சம் கூழ், போய்ச் சேராது, உள்ளே ஒரு பொந்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் அழகான எட்ஜ். போர்டை அடுக்கும் ஸ்டாக்கரில் ஒரு இடி பட்டால் அப்பளம்.

மடிப்பு படியவில்லையே என்று சக்கரத்தை இன்னும் அழுத்துவார்கள். நார் அறுந்துபோகும். தடித்த பேப்பர் வழியாக ஈரம் வெளியேறவும் நேரமாகும், உடனே ட்ரையர் சூட்டை ஏற்றுவார்கள். மூன்று பக்கமும் காற்றுப் படும் ஓரம் நடுப்பகுதிக்கு முன்பே காய்ந்து சூடேறும். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் படிகநீர். அதுவும் கிளம்பத் தொடங்கினால் ஓரம் மாவாகிவிடும். ஆக, உடைவதைத் தடுக்க வாங்கிய பேப்பரால் உடைவதற்கு மூன்று புதுக் காரணங்கள். 1894-இல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை வாங்கிய போர்டில் ஓர மடிப்பே கிடையாது, ஜிப்சம் திறந்தே கிடக்கும். மடிப்பெல்லாம் பிறகு வந்தது. அப்படி வந்த மடிப்பைத்தான் நாம் ஜிஎஸ்எம் ஏற்றிக் கெடுக்கிறோம்.

உடைந்த துண்டைக் கையில் எடுங்கள். பேப்பரை உரித்துப் பாருங்கள். ஜிப்சத்தின் மேல் நார் ஒட்டியிருந்தால் பிடிப்பில் குறை இல்லை. வழவழவென்று கழன்று வந்தால் பிடிப்பு போய்விட்டது, பிடிப்புக்காகக் கலக்கும் ஸ்டார்ச்சையும் ட்ரையரையும் பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் மாவாக உதிர்கிறதா? கருகிய ஓரம். குமிழி குமிழியாக ஸ்பாஞ்ச் போல இருக்கிறதா? எட்ஜ் ஸ்லரி போய்ச் சேரவில்லை.

இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு கதை உண்டு. நடுப்பகுதியில் நுரை கலப்பது எடையைக் குறைக்க. ஓரத்துக்கு நுரை குறைந்த, கெட்டியான ஸ்லரி மிக்சரிலிருந்து தனி ஹோஸில் போக வேண்டும். ஒரு ஆலையில் மூன்று நாள் ரிஜெக்ட் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து மார்க்கரால் 'இ', 'வ' என்று எழுதினேன். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பக்கம். அந்தப் பக்கத்து ஹோஸைக் கழற்றினால் உள்ளே கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. தட்டி எடுத்தோம், அடுத்த ஷிப்டில் உடைவது நின்றது. (ட்ரையருக்கு முன்னால் போர்டு கவிழ்கிறது. மிக்சரில் இடதுபக்கம் இருப்பது ஸ்டாக்கரில் எங்கே வருகிறது என்று உங்கள் லைனில் ஒருமுறை பென்சில் கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நானே ஒரு நாள் முழுக்கத் தலைகீழாக எழுதியிருக்கிறேன்.)

வடிவமைப்பிலும் நாம் ஆசைப்படுகிறோம். இரண்டு போர்டு சேரும் ஜாயிண்ட் நன்றாக மூட வேண்டும், டேப்பரை, அதாவது ஓரச் சரிவை, ஆழமாக்குங்கள் என்று சேல்ஸ்காரர்கள் கேட்பார்கள். ஆழம் கூடக் கூட ஓரத்தில் சதை குறைகிறது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் சி1396 தரநிலை ஏறக்குறைய 0.5 முதல் 2.3 மில்லிமீட்டர் வரை விடுகிறது என்பதற்காகக் கடைசி எல்லையில் போய் நிற்க வேண்டியதில்லை. அந்தச் சரிவை உருவாக்கும் டேப்பர் பட்டையில் ஜிப்சம் படிந்தால் சரிவு படிக்கட்டாகும், அந்தப் படியில்தான் விரிசல் பிடிக்கும். கூர்மூலை உள்ள சதுர எட்ஜ் சீக்கிரம் சிதறும். ஜெர்மன்காரர்கள் ஓரத்தை அரைவட்டமாக்கி, கூடவே சரிவும் கொடுக்கிறார்கள். இடி ஒரே முனையில் விழாததால் எனக்கு அது பிடிக்கும்.

எட்ஜ் ஹார்ட்னஸ், அதாவது ஓரத்தின் கடினத்தன்மை, 49 நியூட்டனுக்குக் குறையக்கூடாது என்பது லேபில் எல்லோருக்கும் மனப்பாடம். தயவுசெய்து இடதையும் வலதையும் தனித்தனியாக எழுதுங்கள். சராசரி போட்டால் கெட்ட பக்கத்தை நல்ல பக்கம் மறைத்துவிடும். ஷிப்ட் தொடங்கும்போது இரண்டு ஹோஸையும் கையால் அமுக்கிப் பாருங்கள். ஓவர்ஃப்ளோ ஆகிறதென்று கிளாம்ப் போட்டு நெரிக்காதீர்கள், அதையும் பார்த்திருக்கிறேன். எட்ஜ் ஸ்லரியும் நடு ஸ்லரியும் ஒரே நேரத்தில் இறுக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேரும் கோட்டிலேயே பிளக்கும். போர்டை நேராக நடத்தும் கைடு ரயில் உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

அப்புறமும் உடைந்தால் போன் பண்ணுங்கள், ராத்திரியானாலும் பரவாயில்லை. உடைந்த துண்டு கையில் இருக்கட்டும். எந்தப் பக்கத்துத் துண்டு என்று அதில் எழுதியும் இருக்கட்டும்.